எரியாத நெருப்பு



தோட்டத்துப் பட்டறையில் இரும்புத் தகட்டைக் கேஸ் வைத்து வெட்டுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அசிட்டிலின் வாயுவும் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும் அந்தச் சுடரின் வெப்பம் ஏறத்தாழ 3,000 டிகிரி செல்சியஸ். ஆனால் அதே சுடரால் அலுமினியத்தை ஒழுங்காக வெட்ட முடியாது. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகமாயிற்றே! பிறகு ஏன் வெட்டுப்படுவதில்லை?

காரணம் இதுதான். சூடேறிய இரும்பு ஆக்சிஜனில் எரிந்து, கசடாக உருகி ஓடிவிடுகிறது. அலுமினியத்தின்மேல் உண்டாகும் ஆக்சைடோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். காய்ச்சிய பாலின்மேல் ஏடு படிவதுபோல அது மூடிக்கொள்கிறது. துருப்பிடிக்காத எஃகிலும், அதில் கலந்துள்ள குரோமியத்தால், இதே தொல்லை உண்டு.

இதற்கு 1950களில் அமெரிக்காவில் ஒரு வழி காணப்பட்டது. அதுவே பிளாஸ்மா டார்ச்.

பிளாஸ்மா என்றால் என்ன? பனிக்கட்டியைச் சூடாக்கினால் நீராகும்; நீர் ஆவியாகும். வாயுவை மேன்மேலும் சூடாக்கினால் அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்துவிடும். அப்போது அந்த வாயு மின்சாரத்தைக் கடத்தும். இந்த நிலைக்கு 1928ஆம் ஆண்டில் பிளாஸ்மா என்று பெயரிட்டவர் இர்விங் லாங்மூர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. இரத்தத்தில் உள்ள பிளாஸ்மா வேறு, இது வேறு. வானத்து மின்னல் பிளாஸ்மாதான், சூரியனும் பிளாஸ்மாதான்.

டார்ச்சின் உள்ளே ஒரு மின்முனை இருக்கிறது. அதன் முன்னே சிறு துளையுள்ள செம்பு மூக்கு. இடையே ஆர்கான், நைட்ரஜன் அல்லது வெறும் காற்று பாய்கிறது. மின்சாரம் அந்த வாயுவின் வழியே தாவும்போது அது பிளாஸ்மாவாகி, துளையில் நெருக்குண்டு சீறி வருகிறது. வெப்பம் 10,000 டிகிரியையும் தாண்டும். சூரியனின் மேற்பரப்பு வெப்பமே சுமார் 5,500 டிகிரிதான்! செம்பு உருகாமல் இருப்பதற்கு, அதைக் குளிர்விக்கும் நீரோ காற்றோ, துளையின் ஓரமாக ஓடும் குளிர்ந்த வாயுப் படலமோ காரணம். இங்கே எரிபொருள் எதுவும் எரியவில்லை. மின்சாரமே வெப்பமாகிறது.

ஆகவே மின்சாரத்தைக் கடத்தும் எந்த உலோகத்தையும் இது வெட்டும். பீங்கான் போன்ற பொருளின் தூளை இதில் உருக்கித் தெளித்து, விமான எஞ்சின் பாகங்களுக்குப் பூச்சும் பூசுகிறார்கள். பூமிக்குத் திரும்பும் விண்கலத்தின் வெப்பக் கவசத்தை இத்தகைய வெப்பக் காற்றில் சோதிக்கிறார்கள். குடிநீரில் ஈயம் கலந்துள்ளதா என்று ஆய்வுக்கூடங்களில் கண்டறியவும் பிளாஸ்மா உதவுகிறது.

பெற்றோர்களே, வெல்டிங் வேலை பழகும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருக்கலாம். இன்று சிறு பட்டறைகளிலும் இக்கருவி வந்துவிட்டது. அதன் ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் உண்டு. பார்க்கும்போது வலிக்காது. சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணலை வாரிக் கொட்டியதுபோல் உறுத்தும். வெட்டுபவர் மட்டுமன்றி, அருகில் நிற்பவரும் அதை வெறும் கண்ணால் பார்க்கலாகாது. துருப்பிடிக்காத எஃகை வெட்டும்போது எழும் புகையை நெடுநாள் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரக்கூடும். ஈரக் கையோடு கருவியைத் தொடுவது உயிருக்கே ஆபத்து.

கறுப்புக் கண்ணாடி முகமூடி, கையுறை, புகை வெளியேற வழி: இம்மூன்றும் இருக்கின்றனவா என்று வேலைக்குப் போகும் முதல் நாளே பிள்ளைகள் கேட்கட்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம். தொழிலைக் கற்பவன் அதன் ஆபத்தையும் சேர்த்தே கற்க வேண்டும்.