பக்கத்து வீட்டில் தீப்பிடித்த பிறகு
(தஞ்சை ஜில்லா கிராமமொன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



நான் பேச வந்த விஷயத்தைக் கேட்டு உங்களில் சிலர் சிரிக்கலாம். இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டு பேசவேண்டியதை இவன் ஏன் மேடையேறிப் பேசுகிறான் என்றும் நினைக்கலாம். நான் ஏஜெண்டு அல்ல. எனக்கு இதில் ஒரு காசு கமிஷனும் கிடையாது. சென்ற கோடையில் என் பக்கத்து வீடு எரிந்தது. அதனால் பேசுகிறேன்.

அது குடிசையல்ல, மெத்தை வீடு. பாங்கியில் கடன் வாங்கிக் கட்டியது. வெயிலுக்காக மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். கொல்லையில் வைக்கோற்போர். போரில் பிடித்த தீ கொட்டகைக்குத் தாவி, மாடிப்படி வழியாக உள்ளே இறங்கிவிட்டது. வீட்டு வாசலில் கட்டியிருந்த திருஷ்டிப் பூசணிக்காயும் சேர்ந்தே வெந்தது. கிரகப்பிரவேசத்தன்று ஹோமம் வளர்த்து அக்கினிக்கு நெய் ஊற்றினார்களே, அந்த அக்கினி நன்றி பாராட்டவில்லை.

நிற்க. வீட்டுக்காரர் அழவில்லை. "பாலிசி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பாலிசி இருந்தது வாஸ்தவந்தான். ஆனால் அது பாங்கிக்காரர்கள் கடனுக்காக எடுக்கச் சொன்ன பாலிசி. சுவருக்கும் கூரைக்கும் உண்டு. உள்ளே இருந்த கட்டில், பீரோ, துணிமணி, பாத்திரம், மாவரைக்கும் யந்திரம், பிள்ளைகளின் புஸ்தகம் ஒன்றுக்கும் கிடையாது. சுவர் நின்றது, சாமான் போயிற்று. பாங்கிக்குக் கவலை அதன் கடனைப் பற்றி. உங்கள் வீட்டுச் சட்டிபானைக்கு அது ஏன் கவலைப்படவேண்டும்?

இது நம் ஊர்க்காரர்களின் அறியாமை மாத்திரமல்ல. லண்டன் பட்டணம் 1666ல் எரிந்து பதின்மூவாயிரம் வீடுகளுக்கு மேல் சாம்பலாயின. அதற்குப் பதினைந்து வருஷத்திற்குள் அங்கே தீ இன்ஷியூரன்ஸ் தொழில் தோன்றிற்று. ஆனால் முதலில் வீட்டுக்குத்தான். உள்ளிருக்கும் சாமானுக்கும் கொடுக்கலாம் என்று தோன்ற 1700 தாண்டவேண்டியிருந்தது. நம் ஜில்லாவிலேயே 2004 ஜூலை 16ந் தேதி, கும்பகோணத்தில், பள்ளிக்கூடச் சமையல் கொட்டகையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் மாண்டபிறகல்லவா பள்ளிகளில் கீற்றுக்கூரையை எடுக்கும்படி உத்தரவு பிறந்தது! பிறத்தியார் எரிந்த பிறகுதான் நமக்கு அறிவு வருகிறது. அதுவும் பாதி அறிவு.

என் அறிவையும் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரியே என் பாலிசியைத் தேடி எடுத்தேன். பழைய பாலிசி. அதில் வீட்டுச் சாமான்களுக்கு 2 லட்ச ரூபாய் என்று எழுதியிருந்தது. எப்போதோ ஏஜெண்டு கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறேன். சரி, எல்லாம் எரிந்தால் 2 லட்சமாவது வரும், கொஞ்சம் எரிந்தால் அந்தக் கொஞ்சம் முழுதும் வரும் என்று எண்ணினேன். இங்கேதான் ஏமாந்தேன். சராசரி என்று ஒரு ஷரத்து இருக்கிறது.

அதாவது, 8 லட்சம் பெறுமான சாமானுக்கு 2 லட்சம் எழுதினவன் கால் பங்குக்குத்தான் இன்ஷியூர் செய்தவன். அதில் பாதி எரிந்து 4 லட்சம் நஷ்டம் வந்தால், அந்த நஷ்டத்திலும் கால் பங்குதான் கிடைக்கும், 1 லட்சம். வாரத்துக்குச் சாகுபடி செய்கிற நமக்கு இது விளங்காததல்ல. முக்கால் பங்குக்கு நீயே கம்பெனி; அந்தப் பங்கு நஷ்டம் உன்னுடையது. சர்க்கார் ஏற்பாட்டின்படி 2021 ஏப்ரலிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசியில் இந்தச் சராசரி வெட்டு கிடையாது. ஆனாலும் எழுதின தொகைக்குமேல் ஒரு தம்பிடி வராது. வீட்டையும் சாமானையும் சேர்த்து எடுத்து, சாமானுக்கு விவரம் கொடுக்காமல் விட்டால், வீட்டுத் தொகையில் நூற்றுக்கு 20, அதுவும் 10 லட்சத்துக்கு மேற்படாமல். நகையும் வெள்ளிச் சாமானும் இந்தக் கணக்கில் சேரா, தனியாக எழுதவேண்டும். குடிக்கூலி வீட்டில் இருப்பவரும் தம் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் பாலிசி வைத்திருக்கிறாரே என்று இருந்துவிடாதீர்கள். அவர் வீட்டுத் தீ உங்கள் வீட்டுக்கு வந்தாலும் அவர் பாலிசி அவர் சாமானுக்குத்தான்.

இவ்வளவும் மெத்தை வீட்டுக்காரர் கதை. 2007 வரை இருந்த கட்டண அட்டவணையில் ஓலை, புல், மூங்கில் வீடுகளைக் கச்சா கட்டிடம் என்று தனியே பிரித்து அதிகக் கட்டணம் போட்டிருந்தார்கள். எவன் வீடு சீக்கிரம் எரியுமோ, எவன் கையில் பணம் இல்லையோ, அவனிடம் அதிகம் கேட்பது கம்பெனிக் கணக்குக்குச் சரி. அந்தக் குடிசையில் நம் வயலில் நடவு நட்டவள் இருக்கிறாள் என்பது அந்தக் கணக்கில் வராது. கடவுள் கணக்கிலும் வந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். வாங்கின விலை அல்ல, இன்று திரும்ப வாங்க ஆகும் விலை. நான் வீட்டுத் தலைவன் அல்லவா? என் வீட்டில் எத்தனை அண்டா, எத்தனை குடம், எத்தனை புடவை என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவி சொல்லச்சொல்ல எழுதினேன். எந்த வருஷம், எந்தச் சீட்டுப் பணத்தில் வாங்கியது என்பதுவரை சொன்னார். இவ்வளவு தெரிந்தவரை, பாலிசி எடுத்த அன்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. மூன்று ராத்திரி எழுதினோம். மொத்தம் 8 லட்சத்தைத் தாண்டிற்று. ஏழாவது பக்கத்தில்தான் என் சாமான்கள் ஆரம்பித்தன.