கயிற்றின் இந்த முனையில் நிற்பவர்

எங்க வீரசோழன் சந்தைக்கு ஆடு வரும். சவாரிக் குதிரை வராது. இந்த வானம் பார்த்த பூமியில இருந்து காலேஜ் குதிரையேற்ற அணிக்கு உதவிப் பயிற்சியாளர் ஆகலாமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தார்.

அமெரிக்காவில் அது பல்கலைக்கழகம் சம்பளம் தரும் வேலை. நம்ம காலேஜ்கள்ல அந்தப் பேர்ல விளம்பரம் வந்து நான் பார்த்ததில்லை. இங்கே குதிரை இருப்பது என்சிசியின் ரீமவுண்ட் அண்ட் வெட்டரினரி பிரிவில். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அது உண்டு. சொல்லித்தருவது ராணுவத்திலிருந்து வரும் ரிசல்தார், டபேதார்கள்.

டபேதார்னா நமக்குக் கலெக்டர் பின்னாடி சிவப்புப் பட்டையோட நிக்கிறவர்தான் ஞாபகம் வரும். குதிரைப்படையில் அது ஹவில்தாருக்குச் சமமான பதவி. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற ரகுபீர் சிங் ஒரு டபேதார்.

விடியுமுன் குளம்பில் கல் எடுக்கணும், சேணப்பட்டையை இறுக்கணும், நீளக்கயிற்றில் குதிரையை வட்டமா ஓடவிட்டு, மேலே பயந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையோட முதுகை நிமிர்த்தணும். பதக்கம் பிள்ளைக்கு. போஸ்டிங் முடிஞ்சா இவர் கிளம்பிடுவார்.

தம்பி, ராணுவம் ஒரு வழி. கால்நடை மருத்துவம் படிச்சுக்கிட்டே என்சிசியில் ஏறுவது இன்னொண்ணு. பிளஸ் டூல பயாலஜி எடுத்தீங்களா? அதை முதல்ல சொல்லுங்க.