நாலு கம்பிக்காரன்

மெல்லிசைக் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால், டிரம்ஸை ஒட்டி, நீளக் கழுத்துள்ள ஒரு கித்தாரை மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிகம் அசைய மாட்டார். அவருக்கென்று கைதட்டலும் விழாது. கையில் இருப்பது சாதாரணக் கித்தார் அல்ல, பேஸ் கித்தார். ஆறுக்குப் பதில் நாலு கம்பி, ஒவ்வொன்றும் நல்ல தடிமன். பகலில் திருச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிவிட்டு, முகூர்த்த நாளிலும் திருவிழா நாளிலும் அந்த இடத்தில் போய் நிற்பவன் நான். போஸ்டரில் பாடகர்கள் படம் இருக்கும், குழுவின் பெயர் இருக்கும். நான் "மற்றும் குழுவினர்" என்ற வரிக்குள் இருப்பேன்.

பேஸ் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு யாரும் வருவதில்லை. சர்ச் பாடகர் குழுவில் எனக்கு முன்பே கித்தாருக்கு இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள். "தம்பி, நீ இதைப் பிடி" என்று மூலையில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். இது எனக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. பீட்டில்ஸ் குழுவில் பால் மெக்கார்ட்னி கித்தார்தான் வாசித்துக்கொண்டிருந்தார். 1961-இல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியபோது வேறு யாரும் முன்வராததால் பேஸ் அவர் தலையில் விழுந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் கேரல் கே என்ற அம்மையாரும் கித்தார் கலைஞர்தான். 1963-இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போக, இவர் எடுத்து வாசித்தார். பிறகு ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்தார். ஆள் வராத இடத்தில் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள் எங்கள் கூட்டத்தில் அதிகம்.

இந்தக் கருவிக்கும் வானொலிக்கும் ஓர் உறவு உண்டு. 1951-இல் மின்சார பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! அதற்கு முன் அடிநாதத்துக்கு டபுள் பேஸ்தான். ஆள் உயரம் இருக்கும், காருக்குள் நுழையாது, டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கும்போது அதன் சத்தம் வெளியே கேட்காது. ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டுகிற அளவுக்குச் சுருக்கி, மெட்டுக்கட்டை வைத்து, ஆம்ப்ளிஃபையரில் சொருகவும் வழி செய்தார். கம்பியின் நீளம் 34 அங்குலம் என்று அவர் வைத்த அளவுதான் இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களில். என் பழைய யமஹாவிலும் அதே அளவு.

அந்த யமஹா செகண்ட் ஹேண்ட். ஏறத்தாழ 4 கிலோ. மூன்று மணி நேரம் நின்று வாசித்தால் இடது தோள் மறுநாள் ஆபீஸில் பேசும். புதிதாக வருகிற தம்பிகள் என்ன கித்தார் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். முதலில் தோளில் மாட்ட அகலமான வார் வாங்குங்கள் என்பேன். அடுத்து, ஒரே மாதிரி இரண்டு ஒயர். மேடையில் செத்துப்போவது பெரும்பாலும் கித்தார் அல்ல, ஒயரின் முனையில் இருக்கும் பின்தான். சில பேஸ்களுக்குள் 9 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். ஒயரைச் சொருகியே வைத்திருந்தால், வாசிக்காவிட்டாலும் அது கரைந்துகொண்டே இருக்கும். சாப்பிடப் போகும்போது ஒயரை உருவிவிட்டுப் போக வேண்டும்.

கம்பி விஷயம் தனி. நல்ல கம்பி ஒரு செட் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. வியர்வையும் எண்ணெயும் கம்பியின் சுற்றுக்குள் இறங்கினால் ஒலி மங்கிவிடும். அதற்கு உலகம் முழுவதும் பேஸ்காரர்கள் செய்யும் ஒரு வைத்தியம் உண்டு. கம்பிகளைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, துடைத்து, காயவைத்து மாட்டினால் இன்னும் சில கச்சேரிகளுக்குக் கணீரென்று இருக்கும். நான் அடுப்படியில் இதைச் செய்யும்போதெல்லாம் என் மனைவி, "இன்னைக்கு என்ன, கம்பி ரசமா?" என்பாள்.

இதற்கு நேர்மாறான கட்சியும் உண்டு. அமெரிக்காவில் மோடவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழிய கம்பியை மாற்றவே மாட்டார் என்பார்கள். வலது கையில் அவர் பயன்படுத்தியது ஆள்காட்டி விரல் ஒன்றே. அந்த ஒற்றை விரலிலிருந்து வந்த பேஸை வாசித்துக் காட்ட இன்றைக்கும் பத்து விரல் உள்ளவர்கள் திணறுகிறார்கள். கருவி முக்கியமா, கை முக்கியமா என்ற சண்டை வரும்போதெல்லாம் நான் ஜேமர்சன் பெயரைச் சொல்லி முடித்துவிடுவேன்.

ஆனால் கையால் மட்டும் தீராத சங்கடம் ஒன்று நம்மூர் மேடையில் உண்டு. அதுதான் கட்டை. சினிமாப் பாட்டு ஒரு சுருதியில் பதிவாகியிருக்கும். நம் பாடகருக்குத் தொண்டை சரியில்லை, மேல்ஸ்தாயி எட்டாது. "மாஸ்டர், அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்று மேடையிலேயே கேட்பார். கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அவர் விரல் பழைய இடத்திலேயே இருக்க, ஒலி மட்டும் இறங்கிவிடும். எனக்கு அந்தப் பொத்தான் இல்லை. நான் மொத்தக் கையையும் நகர்த்த வேண்டும். அதிலும் மூன்று கட்டைப் பாட்டு என்றால் ஆபத்து. பேஸின் தடித்த கம்பி மூன்று கட்டையில், அதாவது ஈ சுருதியில் இருக்கிறது. அதற்குக் கீழே எனக்குப் பூமியே இல்லை. பாட்டை இரண்டரைக்கு இறக்கினால், ஆதாரமாக ஒலிக்க வேண்டிய அந்தக் கீழ் ஸா என் கித்தாரில் கிடையாது. ஒரு ஸ்தாயி மேலே போய் வாசித்துச் சமாளிக்க வேண்டும், பாட்டு இளைத்துவிடும். நாளைக்கு நான் ஐந்து கம்பி பேஸ் வாங்கினால் அது பந்தாவுக்கு அல்ல, இந்த அரைக் கட்டைக்குத்தான்.

இனி கரண்டு. கோயில் திருவிழா மேடைகளில் பெரும்பாலும் ஜெனரேட்டர்தான். கித்தாரிலிருந்து வருவது மிக மெலிந்த சிக்னல். நீளமான ஒயரில் அப்படியே அனுப்பினால் வழியில் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு போகும். அதற்காக டிஐ பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி. சிக்னலை மைக் லைனுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும். அதையும் மீறி, எர்த் சரியில்லாத இடத்தில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கிளம்பும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அதிர்கிறது. பேஸின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டத்தை அழுத்தினால் வரும் ஸ்வரம் வினாடிக்கு 49. ஆகவே நம் மின்வாரியம் ஏறக்குறைய ஐந்து கட்டையில், கீழ் ஸ்தாயியில் முனகுகிறது! பாட்டும் ஐந்து கட்டையாக இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. நாலு கட்டைப் பாட்டாக இருந்தால் உயிரை வாங்கிவிடும். சீரியல் லைட்டுகளை மொத்தமாகப் போட்டதும் ஜெனரேட்டர் மூச்சு வாங்கும். அப்போது முனகலும் சுருதி இறங்கிவிடும்.

இந்த முனகலை நிறுத்த சில மைக்செட் தம்பிகள் ஒரு வேலை செய்வார்கள். பிளக்கில் எர்த் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். முனகல் நின்றுவிடும். ஆனால் ஆம்ப்ளிஃபையரில் கசிவு இருந்தால், மின்சாரம் கம்பி வழியாக என் கைக்கு வந்து காத்திருக்கும். உதடு மைக்கில் பட்டால் சுரீர் என்று ஒரு அடி. சில சமயம் அடியோடு நிற்காது. 1972-இல் பிரிட்டனில் ஸ்வான்ஸி நகரத்து மேடையில் லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர், எர்த் இல்லாத மைக்கைத் தொட்ட இடத்திலேயே இறந்துபோனார். எனவே மைக்செட் நடத்துகிற நேயர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: எர்த்தைப் பிடுங்காதீர்கள். டிஐ பாக்ஸிலேயே 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் ஒயரின் தொடர்பை மட்டும் விலக்கும், உயிர் காக்கும் எர்த் அப்படியே இருக்கும்.

இத்தனை பாடுபட்டு வாசித்தாலும் ஊர்க்காரர்களுக்குக் கேட்கிறதா? துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில் மேடைக்கு முன் பெரிய பெட்டி இரண்டு, மற்றபடி தெருவெல்லாம் மரத்துக்கு மரம் கூம்பு ஸ்பீக்கர். கூம்பில் கீழ் ஸ்வரம் ஏறாது. என் தடித்த கம்பி வினாடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். அதைத் தள்ளப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். கூம்பு வழியே போவது அந்த ஸ்வரத்தோடு கூடவே ஒலிக்கும் மேல் ஸ்வரங்கள், அதாவது மேல்படிகள் மட்டும். ஆனால் மனிதக் காது கெட்டிக்காரக் காது. மேல்படிகளைக் கேட்டே கீழே என்ன இருந்திருக்கும் என்று யூகித்து, இல்லாத ஸ்வரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. இப்போது நான் இங்கே வாசித்துக் காட்டினாலும் உங்கள் கைக்கடக்கமான ரேடியோவில் அந்த 41 வராது. இருந்தும் பேஸ் கேட்ட மாதிரி இருக்கும்.

முன்பெல்லாம் ஆடி மாதம் அம்மன் கோயில்களில் விடிய விடியக் கச்சேரி நடக்கும். இப்போது இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. பத்தானதும் காவலர் மேடை ஓரத்தில் வந்து வாட்சைத் தட்டிக் காட்டுவார். மூத்த கலைஞர்களுக்கு இதில் மனத்தாங்கல். எனக்கு இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்குச் சங்கத்தில் பேரேட்டைத் திறக்க வேண்டியவன் நான்.

என் மனத்தாங்கல் வேறு. குழுவுக்குப் பேசிய தொகையைக் குறைக்கச் சொன்னால் முதலில் கழிவது பேஸ்தான். கீபோர்டுக்காரர் இடது கையால் அதையும் பார்த்துக்கொள்வார், அல்லது பேஸும் தாளமும் பதிவான டிராக் ஓடும், மேலே பாடிக்கொள்ளலாம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளுக்குப் பின் வந்த பல பாட்டுகளில் பேஸே சிந்தசைசரில் வாசித்ததுதான். அங்கே நான் நிற்பது கொஞ்சம் அலங்காரம் என்றே ஒப்புக்கொள்வேன்.

ஆனால் மேடையில் இன்றும் அதிகம் கேட்டு வாங்கப்படுவது 1976-இல் 'அன்னக்கிளி'யோடு தொடங்கிய இளையராஜா காலத்துப் பாட்டுகள். அவர் தாமே கித்தார் கலைஞர், மேற்கத்திய இசையை முறையாகப் படித்தவர். அவர் எழுதிய பேஸ், கார்டின் அடி ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டு நிற்பதில்லை. பாடகர் ஒரு சொல்லை இழுத்து நிற்கும்போது கீழே அது தனி மெட்டாக நடந்து போகும். 'மூடுபனி' படத்தில் ஜேசுதாஸ் பாடிய அந்தக் கித்தார் பாட்டை, குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் இழையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். இளையராஜாவின் குழுவில் பேஸ் வாசித்த சசிதரனின் விரல்களிலிருந்து இந்த வித்தையைத் திருடித்தான் தமிழ்நாட்டில் மேடையேறுகிற எங்களைப் போன்றவர்கள் பிழைக்கிறோம். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவது, கம்பியை உள்ளங்கையால் அமுக்கி ஒலியைக் குறுக்குவது, அடிக்காமல் தொட்டு மட்டும் ஒரு தட்டல் எழுப்புவது, இதெல்லாம் கீபோர்டின் இடது கையில் வராது. டிராக் என்றால் இன்னொரு சிக்கல். பாடகர் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த சரணத்துக்குத் தாவினால் டிராக் காத்திருக்காது. நான் அவர் முகத்தைப் பார்த்து, அவரோடு சேர்ந்து தாவிவிடுவேன்.

ஒருமுறை பேஸே கைகொடுத்தது. லால்குடியில் ஒரு வரவேற்பில் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த குழந்தைகள் மேடைக்கும் வந்துவிட்டார்கள். கீபோர்டு குளித்து, பல்லவி நடுவில் நின்றுபோனது. தபேலாக்காரரும் நானும் நிறுத்தவில்லை. பாடகி திரும்பிப் பார்த்தார், தலையை ஆட்டினோம், தொடர்ந்து பாடினார். பாட்டு முடியும் வரை இரண்டே வாத்தியம். முன்வரிசையில் சாப்பாட்டுக்கு எழுந்தவர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜேமர்சனின் பெயர் மோடவுன் இசைத்தட்டின் உறையில் அச்சாக 1971 வரை ஆயிற்று. நான் அச்செல்லாம் கேட்கவில்லை. உங்கள் வீட்டு வரவேற்புக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ குழு பேசும்போது, பாடகர் யார், எத்தனை பாட்டு என்று கேட்பதோடு, "பேஸ் கித்தாருக்கு ஆள் வருவாரா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வருவார் என்றால் அட்வான்ஸைக் கொடுங்கள். மேடைக்கு நல்ல எர்த்தும் போட்டுக் கொடுங்கள்.