பின்னாடி டவர் இருந்தா இருக்கட்டும்

போன எபிசோடுல லென்ஸ் பத்திப் பேசினோம். இன்னைக்கு, நான் மூணு வருஷமா பண்ணின ஒரு தப்பு.

ஞாயித்துக்கிழமை காலைல ஒரகடம் பக்கம் பைக்ல போய் பறவை படம் எடுப்பேன். ரோட்டுல வரிசையா கண்டெய்னர் லாரி. ஓரமா ஒரு பள்ளத்துல மழைத்தண்ணி, அதுல நத்தைகுத்தி நாரைகள். அலகை மூடினாலும் நடுவுல ஒரு இடைவெளி தெரியும், பாத்திருக்கீங்களா? நத்தையைக் கையாளத் தோதான அலகு.

நான் 300 எம்எம்ல ஜூம் பண்ணி, தகர ஷெட், ஹைடென்ஷன் டவர் எல்லாத்தையும் கிராப் பண்ணிடுவேன். பாக்குறவங்க "வேடந்தாங்கலா?"ன்னு கேப்பாங்க. அதுல ஒரு பெருமை.

போன வருஷம் அந்தப் பள்ளத்துல மண்ணைக் கொட்டி மேடாக்கிட்டாங்க. "இங்க நாப்பது நாரை நின்னுச்சுடா"ன்னு நண்பன்கிட்ட சொன்னேன். "எங்க, காட்டு"ன்னான். ஹார்ட் டிஸ்க்ல 600 படம் இருக்கு. ஒண்ணுலயும் இடம் தெரியல. பச்சையா ஒரு மங்கல், நடுவுல நாரை. ரா ஃபைல்களை இடம் பத்தலைன்னு அழிச்சது தனி சோகம்.

மா. கிருஷ்ணன் யானையை மட்டுமா எழுதினார்? 1950லேருந்து 1996 வரை ஸ்டேட்ஸ்மன் பத்தியில, ஊருக்குள்ள நாம கண்டுக்காத உயிர்களையும் எழுதினார்.

இப்போ முதல் படம் 18 எம்எம்லதான். டவர், போர்டு, லாரி எல்லாம் வரணும். அப்புறம்தான் ஜூம். எண்ணிக்கையை ஈபேர்ட்ல ஏத்திடுவேன். கூடு இருந்தா மட்டும் இடத்தை வெளியில சொல்றதில்ல.

போன வாரம் பிள்ளைப்பாக்கம் ஏரில நாலு நீர்க்காகம், பின்னாடி ஆறு டவர். லைக்ஸ் கம்மிதான்.