சிரப் போத்தலை விடுங்கள், பிள்ளையின் மூச்சை எண்ணுங்கள்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டக் குடும்பத்தினருக்காக, கொட்டாஞ்சேனையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில், வீடுகளில் வேலை செய்யும் நாம், தோட்டத்துக்குப் போகும்போது பார்மசியில் ஒரு இருமல் சிரப்பும் வாங்கிப் போகிறோம். அப்பாயியிடம் விட்டு வந்த பிள்ளைக்குத் தடிமன் என்று போனில் கேட்டால் மனம் பொறுக்காது. அந்தப் போத்தலைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

2025இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அது தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப். சோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாது. அந்தப் பெற்றோரும் நம்மைப் போலப் பாசத்தோடுதான் கொடுத்தார்கள்.

எல்லாப் போத்தலிலும் நஞ்சு இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நல்ல சிரப்பாலும் சின்னப் பிள்ளையின் தடிமன் மாறாது. அது வைரஸால் வருவது. பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாக மாறும். இருமல் இரண்டு, மூன்று கிழமை இழுக்கலாம். 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்த மருந்துகளே வேண்டாம், 5 வயதுக்குக் கீழும் பொதுவாகத் தேவையில்லை என்று இந்திய சுகாதாரத் துறையே அப்போது அறிவித்தது.

அப்படியானால் வீட்டில் என்ன செய்வது? தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். 6 மாதம் வரை அது மட்டும் போதும். பெரிய பிள்ளைக்குக் கஞ்சி, இளஞ்சூட்டில் கொத்தமல்லித் தண்ணீர் கொடுக்கலாம். ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு அரைத் தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். அதற்கு முன் தேன் ஆபத்து. கொதிநீரில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள், சுட்டுவிடும். அடுப்புப் புகையிலிருந்து பிள்ளையைத் தள்ளி வையுங்கள்.

முக்கியமான வேலை, மூச்சை எண்ணுவது. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40. இந்த அளவை எட்டினால் நிமோனியாவாக இருக்கலாம். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், வலிப்பு வந்தாலும், எழுப்ப முடியாமல் மயங்கிக் கிடந்தாலும் தாமதிக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் காசு இல்லை. கொழும்பில் இருப்போருக்குப் பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

மலையில் இருக்கும் தாய் பேர் போய்விடுமே என்று பயந்து, கொழுந்து நிறுத்தும்வரை காத்திருக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே போகட்டும். அதற்காக நிர்வாகம் கேள்வி கேட்டால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லச் சொல்லுங்கள். துரையோடு பேசுவது சங்கத்தின் வேலை.

இன்றிரவே வீட்டுக்குப் போன் எடுங்கள். அப்பாயிக்கு இந்த மூன்று எண்களையும் சொல்லிக்கொடுங்கள்: 60, 50, 40.