எங்க செட்டு ஆட்கள்: ஒரு வருகைப் பதிவு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். "அண்ணே, உங்க செட்டுல பெரிய ஆளா வந்தவங்க யார் யாருன்னு சொல்லுங்க, மலர்ல போட்டோவோட போட்டுருவோம்" என்று கேட்டுக்கொண்டார். பெரிய ஆளாக வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போட்டோ ஏற்கனவே மூன்று மலரில் வந்தாகிவிட்டது. (சிரிப்பு.) அதனால் மற்றவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. பலர் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு விஷயத்தை மைக்கில் சொல்வது மரியாதை இல்லை. எங்க செட்டுக்காரர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தானாகப் புரியும்.

நாங்கள் 1973 மார்ச்சில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்கள். அன்றைக்கு அது பதினொன்றாம் வகுப்பு. பிளஸ் டூ 1978ல்தான் வந்தது. விருதுநகர் மாவட்டம் என்றும் ஒன்று கிடையாது. 1985 வரைக்கும் நாம் ராமநாதபுரம் மாவட்டத்து ஆட்கள். வகுப்பில் 38 பேர், அதில் பெண்பிள்ளைகள் ஐந்து பேர். பாதிக்கு மேல் மடவார் வளாகமும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும்தான். பரீட்சை சமயத்தில் வைத்தியநாத சுவாமி கோயில் மண்டபம்தான் எங்களுக்குப் படிப்பறை. கல்தரை சில்லென்று இருக்கும், காற்று வரும், தூக்கமும் நன்றாக வரும். ஆறாவது படிக்கும்போது, 1968 ஜனவரியில், அண்ணா ஆட்சியில் இருமொழிக் கொள்கை வந்து இந்திப் பாடம் நின்றுபோனது. பாதி எழுதிய இந்தி நோட்டை யாரும் வீணாக்கவில்லை. மீதிப் பக்கத்தில் கணக்குப் போட்டோம். காகிதத்தின் அருமை தெரிந்த காலம் அது.

அந்த 38 பேரில் நான்கு பேர்தான் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி, அதே 1973ல் தொடங்கிய நம் ராஜூக்கள் கல்லூரியில் கால் வைத்தோம். மீதி 34 பேர் இந்தச் சங்கத்தில் உறுப்பினராக முடியாது. விதி அப்படி. ஆனால் எனக்கு முதல் மாதம் பஸ் காசு கொடுத்தவன் அந்த 34ல் ஒருவன். பள்ளியோடு படிப்பை முடித்து மில்லில் சேர்ந்தான். முதல் சம்பளம் வாங்கிய அன்று வீட்டுக்கு வந்து, "மாப்ளே, நீ போய்ப் படி" என்று கையில் திணித்துவிட்டுப் போனான். அந்தக் காசை அவன் இன்றுவரை திருப்பி வாங்கவில்லை. நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வருஷம் நாங்கள் மூன்று பேர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, 38 பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதத் தொடங்கினோம். இன்றைய நிலவரம் இது. நேரில் பார்த்தோ போனில் பேசியோ உறுதி செய்தவர்கள், எங்களையும் சேர்த்து, 21 பேர். இறந்தவர்கள் 10 பேர். ஒரு தகவலும் இல்லாதவர்கள் 7 பேர்.

முதலில் நல்ல செய்தி. குடும்பத்தோடு பால்கோவா போடுகிறவன் இன்றும் விடியற்காலையில் அடுப்படியில் நிற்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்டால், "குறியீடு கிடைச்சது சந்தோஷம்தாம்ப்பா, எனக்கு சுகர் 280" என்கிறான். ருசி பார்க்கும் வேலையைப் பேரனிடம் ஒப்படைத்துவிட்டானாம்.

மில்லில் சேர்ந்தவன் கதை வேறு. ஸ்பின்னிங்கில் ரிங் பிரேம் ஓடுகிற சத்தத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன். ராஜபாளையத்தில் 1936லிருந்து மில் இருக்கிறது. அந்தச் சத்தம் காதை என்ன செய்யும் என்பது இங்கே பல வீடுகளுக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் காது போய்விட்டது. போனில் பேசினால் அவனுக்குப் புரிவதில்லை, அதனால் எடுப்பதையே நிறுத்திவிட்டான். எங்க ஆட்களில் சிலர், "அவனுக்கு என்ன கர்வம், போனே எடுக்க மாட்டேங்கிறான்" என்று நாலைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேரில் போய் உட்கார்ந்தோம். முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதி புரிகிறது, மீதியைச் சிலேட்டில் எழுதிக் காட்டினோம். ஆமாம், சிலேட்டுதான், பேத்தியுடையது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் எங்களை விட்டான்.

இன்னொருவர் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்திருக்கிறது. எங்களைத் தெரியவில்லை. அவர் மனைவி, "தப்பா நினைக்காதீங்கண்ணே, பெத்த மகனையே சில நாள் யாருன்னு கேக்குறாரு" என்று சொன்னார். சும்மா இருக்க முடியாமல் எங்கள் நோட்டைப் பிரித்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். நான்காவது பெயரில் அவர் என்னை நிறுத்தி, தானே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாங்கள் நினைவிலிருந்து எழுதியதால் அதுவரை நோட்டில் 36 பெயர்தான் இருந்தது. அவர் சொன்னது 38. நாங்கள் மறந்துபோன இரண்டு பேரும் பொதுத்தேர்வுக்கு முன்பே நின்றுபோனவர்கள். ஒருவன் சிவகாசிக்குத் தீப்பெட்டி வேலைக்குப் போனவன். ஞாபகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும் எங்கள் மூன்று பேருக்கும் அந்த இரண்டு பேர் நினைவுக்கு வரவில்லை பாருங்கள்.

இப்போது வருத்தமான செய்தி. சென்னையில் இருந்த ஒரு நண்பனுக்கு எங்களில் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை அனுப்பினார். பத்திரிகை திரும்பி வந்தது. விசாரித்தால், அவன் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் மனைவியைப் பார்க்கப் போனோம். அந்த அம்மா சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்க வேண்டும். "உங்க எல்லார் நம்பரும் அவரு போன்லதான் இருந்துச்சு. அந்தப் போனைத் திறக்குற நம்பர் எங்க யாருக்கும் தெரியல. பிள்ளைங்க எவ்வளவோ முயற்சி பண்ணிப் பாத்துச்சு." அவ்வளவுதான் விஷயம். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு டைரி இருக்கும், எல்.ஐ.சி. கொடுத்ததோ உரக்கடை கொடுத்ததோ, கடைசிப் பக்கத்தில் விலாசங்கள் இருக்கும். ஒரு சாவு என்றால் அதைப் பார்த்து கார்டு போடுவார்கள். இன்று எல்லாம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது, கை குளிர்ந்ததும் கூடவே பூட்டிக்கொள்கிறது.

மடவார் வளாகத்தில் ஒரு கதை சொல்வார்கள். திருமலை நாயக்கருக்கு வயிற்று வலி வந்து இந்தக் கோயிலில் குணமானதாம். அதற்குப் பிறகு உச்சிகால பூஜை முடிந்தது தெரிந்த பின்புதான் மதுரையில் மன்னர் இலையில் கை வைப்பாராம். இங்கே முரசு கொட்டினால் அடுத்த மண்டபத்தில் கேட்கும், அங்கே கொட்டினால் அதற்கடுத்த மண்டபத்தில், இப்படியே மதுரை வரைக்கும். எழுபது எண்பது கிலோமீட்டர். ஆண்டாள் கோயிலை வைத்தும் இதையே சொல்வார்கள். எது சரி என்று நான் பஞ்சாயத்துப் பண்ண வரவில்லை. நாயக்கர் 1659ல் காலமானார். அந்தக் காலத்துக் கதையிலேயே, சேதி ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் போயிருக்கிறது. நமக்கு ஆன எட்டு மாதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று ஒவ்வொரு மண்டபத்திலும் சேதிக்காகக் காது வைத்துக்கொண்டு ஒரு ஆள் நின்றான்.

இங்கே பென்ஷன் வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்கிறோம் அல்லவா? "நீ உயிரோடு இருக்கிறாயா" என்று அரசாங்கம் தவறாமல் கேட்கிறது, பணம் கொடுக்கிற கட்டாயம் அதற்கு. பதினோரு வருஷம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன் கேட்பதில்லை.

மாணவர்களுக்காக ஒரு தகவல் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 268 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கிழவராகும் வரை வருஷக்கணக்காகத் தொடர்ந்து விசாரித்தார்கள். பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பப் பையன்கள் 456 பேரும் இதில் சேர்ந்தார்கள். எண்பது வருஷம் கடந்தும் ஆய்வு நடக்கிறது. ஒருவர் எண்பது வயதில் எப்படி இருப்பார் என்பதை, ஐம்பது வயதில் அவருக்கிருந்த கொலஸ்ட்ரால் அளவைவிட, உறவுகளில் அவருக்கிருந்த மனநிறைவுதான் நன்றாகக் காட்டியது என்கிறார்கள். நாம் மாதாமாதம் ரத்தம் கொடுத்து ரிப்போர்ட் வாங்குகிறோம், நல்லதுதான். இந்த இன்னொரு கணக்குக்கு லேப் கிடையாது. அந்த ஆய்விலும் ஆரம்பத்தில் பெண்கள் யாரும் இல்லை, எல்லாம் ஆண்கள்தான். எங்கள் நோட்டு மாதிரியே.

எங்கள் ஐந்து பெண்பிள்ளைகளில் நான்கு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. காரணம் எளிது. பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் பெயர். புகுந்த ஊரில் "இன்னார் மருமகள்" என்றுதான் தெரியும். நாம் 1973ன் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரருக்கே தெரியாது. கிடைத்த அந்த ஒருவர் சத்திரப்பட்டியில் இருக்கிறார். பேண்டேஜ் துணி நெய்கிற குடும்பம். கணக்கில் எங்கள் எல்லோரையும் முந்தியவர் அவர். ரிசல்ட் வந்த அந்த ஜூன் மாதமே கல்யாணம். தறிக் கணக்கு, கூலிக் கணக்கு, நூல் கணக்கு எல்லாம் நாற்பது வருஷமாக அவர் கையில்தான். மகன் கம்ப்யூட்டரில் போட்டாலும் அம்மா ஒருமுறை நோட்டில் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் பில் போகுமாம்.

வாசலில் நாங்கள் நின்றதும் யாரென்று தெரிந்துகொண்டு சிரித்துவிட்டார். "பள்ளிக்கூடத்துல ஒரு வார்த்தை பேசினதில்ல. இப்ப மூணு பேரா வீடு தேடி வந்திருக்கீங்க. உள்ள வாங்க" என்றார். காபி கொடுத்த பிறகு மெதுவாக, "எம் பேரு இன்னும் அந்த ரிஜிஸ்தர்ல இருக்குமா?" என்று கேட்டார். நோட்டைக் காட்டினோம். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அப்பா இனிஷியலோடு இருந்த தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனா வாங்கி, மற்ற நான்கு பேரில் இரண்டு பேருக்கு எதிரே வாக்கப்பட்ட ஊரை எழுதிக் கொடுத்தார். அந்த ஊர்களில் இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.

அப்துல் கலாம் அவர்களின் 'அக்னிச் சிறகுகள்' நீங்கள் படித்திருப்பீர்கள். ராக்கெட்டைப் பற்றி அதில் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் ராமேஸ்வரத்தில் தன்னோடு படித்த மூன்று நண்பர்கள் என்ன ஆனார்கள் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ராமநாத சாஸ்திரி கோயில் அர்ச்சகரானார், அரவிந்தன் யாத்ரீகர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் தொழிலுக்குப் போனார், சிவப்பிரகாசன் தெற்கு ரயில்வேயில் உணவு கான்டிராக்டர் ஆனார். ஆளுக்கு ஒரு வரி. பட்டம் இல்லை, பதவி இல்லை, என்ன வேலை பார்த்தார்கள் என்பது மட்டும். நம் மலரிலும் அப்படி ஒரு பக்கம் வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். விளம்பரம் வந்தது போக இடம் இருந்தால் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். (சிரிப்பு.) தம்பி, இடம் இல்லையென்றால் என் போட்டோவை எடுத்துவிடுங்கள்.

சங்கத்துக்கு இரண்டு விண்ணப்பம். முகவரிப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: "இவருக்கு ஒன்று என்றால் நமக்குச் சொல்பவர் யார்?" மகனோ மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோ, ஒரு பெயரும் ஒரு நம்பரும். அதேபோல் நீங்கள் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய், சேதி சொல்லவேண்டிய பத்துப் பேர் நம்பரைக் காகிதத்தில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வீட்டுக்காரம்மாவிடம் இதைக் காட்டியபோது, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று கோபித்தார்கள். ஒட்டியாகிவிட்டது, இப்போது அவர்கள் பட்டியலும் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது, மாணவர்களுக்கு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கும் முதியவர்களில் ஆளுக்கு இரண்டு பேரை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். காது கேட்காதவர் வீட்டுக்குப் போகும்போது ஒரு சிலேட்டும் எடுத்துப் போங்கள். பால்கோவாக்காரர் வீட்டுக்குப் போவதற்கு நிறையப் பேர் முன்வருவீர்கள், அது எனக்குத் தெரியும்.

மீதி இருக்கும் ஏழு பேரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த அடையாளங்களை எழுதி வைத்திருக்கிறோம்: அப்பா என்ன தொழில், எந்தத் தெரு, கடைசியாக யார் எந்த வருஷம் பார்த்தது. சிவகாசிக்குப் போனவனைப் பற்றி, அவன் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தார் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. நோட்டு வாசலில் மேஜை மேல் இருக்கிறது. சாப்பாடு முடிந்து மூன்று மணி வரை நானும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். ஏதாவது ஒரு பெயர் காதில் விழுந்த மாதிரி இருந்தாலும் வந்து சொல்லுங்கள்.