பார்க்காத படத்துக்கு விமர்சனம் எழுதினவன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், 2012-இல் படிப்பு முடித்த சிவில் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "நீங்க படிக்கிற காலத்துல படம் எடுத்தீங்களே, பரிசுகூட வாங்கினீங்களே, அதைப்பத்தி பதினைந்து நிமிஷம் பேசுங்க" என்றார். நான் இப்போது பாலத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் சோதனை போட்டு ரிப்போர்ட் எழுதுகிற ஆள். சினிமாவுக்குப் போகவில்லை. ஆனால் சினிமா கற்றுக்கொள்ளப் போய் இரண்டு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன். அந்த இரண்டையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முதல் சமாச்சாரம் 2009-இல் நடந்தது. நான் இரண்டாம் ஆண்டு. அந்த செப்டம்பரில் கமல்ஹாசன் நடித்த 'உன்னைப்போல் ஒருவன்' வெளியானது. விடுதி முழுக்க அதே பேச்சு. எனக்குக் கொஞ்சம் எழுதுகிற கிறுக்கு உண்டு. விடுதி நோட்டீஸ் போர்டில் கையால் எழுதி ஒட்டுவேன். எல்லோரும் புதுப்படத்தைப் பற்றிப் பேசினால், நாம் வேறு மாதிரி பேசவேண்டாமா? 'அசல் உன்னைப்போல் ஒருவன்' என்று தலைப்பு வைத்து, ஜெயகாந்தன் 1965-இல் எடுத்த படத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி ஒட்டினேன்.

கடலூர்க்காரர்களுக்கு ஜெயகாந்தன் நம் வீட்டு ஆள். 1934-இல் கடலூரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். பின்னால் ஞானபீடம் வரைக்கும் போனவர். குடிசைப் பகுதி வாழ்க்கையை வைத்து எழுதின தன் கதையைத் தானே இயக்கிப் படமாக்கினார். 12-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அந்தப் படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. அடுத்த ஆண்டே நாகேஷைக் கதாநாயகனாக வைத்து 'யாருக்காக அழுதான்' எடுத்தார். இதையெல்லாம் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "ஒளிப்பதிவில் ஒரு சோகம் இழையோடுகிறது", "காட்சிகளின் நிதானம் நெஞ்சைப் பிசைகிறது" என்றெல்லாம் அடித்துவிட்டேன். படத்தின் ஒரு காட்சியைக்கூட நான் பார்த்ததில்லை!

மூன்றாம் நாள் நூலகத்தில் வேலை பார்த்த ஓர் அண்ணன் என்னைத் தேடி விடுதிக்கே வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "தம்பி, அந்தப் படத்தை எங்க பார்த்தீங்க? சிடி வச்சிருக்கீங்களா? நான் சின்ன வயசிலேருந்து தேடிக்கிட்டிருக்கேன், கண்ணுல மாட்டல. ஒரு நாள் குடுத்தீங்கன்னா பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. "பார்க்கலண்ணே, படிச்சதை வச்சு எழுதினேன்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றார். "அப்படியா... சரி தம்பி" என்று போய்விட்டார். அன்று ராத்திரியே காகிதத்தைக் கிழித்து எடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, ஜெயகாந்தனின் 'ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்' புத்தகத்தைக் கொடுத்து, "இதையாவது முழுசா படிங்க" என்றார். படித்தேன்.

அதன் பிறகுதான் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒழுங்காகப் படம் பார்க்க ஆரம்பித்தோம். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' டிவிடி ஒன்று கிடைத்தது. ஒரே அறை, ஒரே மானிட்டர், கட்டில் மேல் நாலு பேர், தரையில் மீதிப் பேர். முதல் அரைமணி நேரம் "மாமா, என்னடா இவ்வளவு மெதுவாப் போகுது" என்று ஒரே கிண்டல். கடைசியில் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. ஏன் வாயடைத்துப் போனோம் என்று பார்க்கிறதுக்காக அடுத்த வாரம் அதே படத்தைத் திரும்பப் போட்டோம். ஒரு காட்சியைச் சத்தம் இல்லாமல் பார்ப்பது, அதையே மானிட்டரை அணைத்துவிட்டுச் சத்தம் மட்டும் கேட்பது, ஒரு காட்சியில் எத்தனை ஷாட் என்று விரல்விட்டு எண்ணுவது. இவ்வளவுதான் எங்கள் பாடத்திட்டம். ராய் 1947-இல் கல்கத்தாவில் நண்பர்களோடு பிலிம் சொசைட்டி ஆரம்பித்து, வருஷக் கணக்கில் பார்த்து, பேசி, எழுதிவிட்டுத்தான் 1955-இல் முதல் படத்தை வெளியிட்டார் என்று தெரிந்தபோது எங்களுக்கு ஒரு தைரியம் வந்தது. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் மூவி கேமராவைக் கையாண்டதே இல்லை. படம் தொடங்கும்போது அவருக்கு வயது இருபத்தொன்று. எங்கள் வயசுதானே!

விமர்சனமும் நம் ஊருக்குப் புதிதில்லை. 1935-இல், நம் சிதம்பரத்துக் கதையான நந்தனார் சரித்திரத்தைப் படமாக எடுத்தார்கள். கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே வேஷம் போட்டு நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! நாடே அந்தத் தொகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, ஆனந்த விகடனில் கல்கி அந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். எவ்வளவு பணம் கொட்டினார்கள் என்பது வேறு, திரையில் என்ன தெரிகிறது என்பது வேறு என்று சொல்ல அன்றைக்கே ஆள் இருந்திருக்கிறது. பிறகு 1942-இல் ஜெமினி எடுத்த 'நந்தனா'ரில் நடித்தவர் எம்.எம். தண்டபாணி தேசிகர். அவர் பின்னாளில் இதே அண்ணாமலை நகரில் இசை சொல்லிக்கொடுத்தவர். நாம் தினம் சைக்கிளில் போன தெருவில் சினிமாச் சரித்திரமும் நடந்து போயிருக்கிறது.

சரி, இரண்டாவது சமாச்சாரத்துக்கு வருகிறேன். இதுதான் கஷ்டமானது.

இறுதியாண்டில் படம் எடுப்பது என்று முடிவு செய்தோம். கீழவீதிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிற ஓர் அண்ணன், மினி டிவி கேசட் போடுகிற கேமராவை நாள் வாடகைக்குக் கொடுத்தார். பாடமும் அவரே எடுத்தார். "சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கணும். ஷாட் வச்சா மனசுக்குள்ள பத்து எண்ணு, அப்புறம் நிறுத்து. கடற்கரையில மைக்குல காத்து அடிக்கும், துணி சுத்திக்க." அப்புறம் ஒன்று சொன்னார்: "தாலி கட்டுறதைக் கோட்டை விட்டா போச்சு. திரும்பக் கட்டச் சொல்ல முடியாது." இந்தக் கடைசிப் பாடத்தை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. இங்கே பலர் வீட்டிலும் அந்த நாள் மறந்திருக்காது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலாமரங்கள் வேரோடு சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் படுத்துவிட்டன. கரண்ட் கம்பம் எல்லாம் ரோட்டில். நாங்கள் மூன்று பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு குப்பத்துக்குப் போனோம்.

அங்கே ஓர் ஆயா, விழுந்து கிடந்த கூரைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். ஒரு பிளாஸ்டிக் கவரை வெளியே இழுத்தார். உள்ளே ரேஷன் கார்டு. பிரித்துப் பார்த்தார், நனையவில்லை. அதை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நிவாரணம் வாங்க வேண்டுமானால் அந்தக் கார்டுதானே ஆதாரம்.

நான் அந்த நேரம் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். ஷாட் போய்விட்டது.

என்ன செய்தேன் தெரியுமா? "ஆயா, அந்தக் கார்டை மறுபடி உள்ளே வச்சிட்டு, இன்னொரு தடவை எடுங்களேன்" என்றேன். வீடு விழுந்து இரண்டு நாள்கூட ஆகாத ஒரு மனுஷியிடம். அவர் மறுபேச்சு பேசவில்லை. கார்டை உள்ளே வைத்தார், எடுத்தார், கேமராவைப் பார்த்தார். "போதுமா கண்ணு? இன்னொரு தபா எடுக்கணுமா?" என்றார். "போதும் ஆயா" என்றேன். ஷாட் நன்றாக வந்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், பதின்மூன்று ஜிபி இடம் பிடிக்கும். ஹார்டு டிஸ்க்கை நண்பர்களிடம் கெஞ்சி வாங்கி, ராத்திரி ராத்திரியாக எடிட் பண்ணினோம். பதினோரு நிமிஷப் படம். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நடந்த போட்டியில் முதல் பரிசு. நடுவர்கள் மேடையில் பாராட்டியது எந்த ஷாட்டை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2013 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அந்தக் குப்பத்துக்குப் போனேன். ஆயா அடையாளம் கண்டுகொண்டார். அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். படம் ஓடியது. அந்த இடம் வந்ததும் ஆயா சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொன்னார்: "இந்தப் பிள்ளைதான் கார்டைத் திரும்ப உள்ள வைக்கச் சொல்லிச்சு. மொத தபா எடுக்கச்சொல்ல எனக்கு உசிரே இல்ல. இது சும்மா எடுக்கறேன், பாரு."

குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் நடுவர்களுக்குத் தெரியாதது ஆயாவுக்குத் தெரிந்தது. எது நடந்தது, எது நடத்தப்பட்டது என்று ஒரே பார்வையில் பிரித்துச் சொல்லிவிட்டார். என் படத்துக்கு வந்த ஒரே சரியான விமர்சனம் அதுதான்.

இது பழைய வழக்கு. 1922-இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் த நார்த்' படத்தைப் பிளஹர்ட்டி எடுத்தபோது, பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை, கேமராவுக்கு இடமும் இல்லை என்று பாதி வீடாகக் கட்டச் சொல்லி உள்ளே படம் பிடித்தார். நூறு வருஷமாக அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பச் செய்யச் சொல்வதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. கதைப்படத்தில் முப்பது டேக்கூட எடுக்கலாம், நடிகருக்கு அதுதான் தொழில். நான் செய்த தப்பு, திரும்பச் செய்யவைத்ததை, நடந்தபோதே எடுத்தது மாதிரி காட்டிக் கைத்தட்டு வாங்கினது. அதோடு, அந்த ஆயாவின் கஷ்டத்தை இன்னொரு தடவை அவர் கையாலேயே செய்யவைத்தது.

வீட்டுக்குப் போய் அந்த ஷாட்டை வெட்டிவிட்டேன். படத்தில் அந்த இடம் இப்போது தொக்கி நிற்கிறது. நிற்கட்டும்.

இரண்டு சமாச்சாரமும் எனக்கு ஒன்றுதான். பார்க்காத படத்தைப் பார்த்ததாக எழுதினேன். பிடிக்காத ஷாட்டைப் பிடித்ததாகக் காட்டினேன். ஒன்று விமர்சகனின் பொய், இன்னொன்று படமெடுக்கிறவனின் பொய். இன்றைக்கு என் வேலையிலும் இதேதான் சோதனை. "சார், போன வருஷ ரிப்போர்ட் இருக்கு, தேதியை மாத்திக் குடுத்துடலாம்" என்று சொல்ல ஆள் உண்டு. தொட்டியின் மேல் ஏறிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அந்தப் பழக்கம் கட்டுமானப் பாடத்தில் வந்ததில்லை. நூலகத்து அண்ணனும் ஆயாவும் கொடுத்தது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு இரண்டே வார்த்தை. உங்கள் சட்டைப்பையில் இருக்கிற போன், எங்கள் வாடகைக் கேமராவைவிட எவ்வளவோ நல்ல கேமரா. எடுங்கள், நிறைய எடுங்கள். ஆனால் ஒருவர் வீட்டு வாசலில் போய் எடுத்தால், எடுத்ததை அந்த வாசலுக்கே கொண்டுபோய் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். விமர்சனம் எழுதுகிறவர்கள், முதல் பத்து வரியில் 'அருமை', 'மொக்கை' இரண்டும் இல்லாமல், கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதிப் பாருங்கள். மீதி விமர்சனம் தானாக வரும்.

ஜெயகாந்தன் 2015-இல் காலமானார். அவருடைய 'உன்னைப்போல் ஒருவ'னை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் அது நல்ல படமா இல்லையா என்று யார் கேட்டாலும் நான் வாயைத் திறப்பதில்லை. இந்தச் சபையில் யாரிடமாவது பிரதி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நூலகத்து அண்ணனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.